நேர்த்தியில் என் பாதி

அஜக்ஸ்
08.11.2009

ஸ்ரீ,

இதைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம். பக்கத்தில், மோர்னிங்சைட்டில் இருக்கும் புருஷனுக்கு அஜக்ஸிலிருந்து முத்திரை ஒட்டிக் கடிதம் போடுகிறவள் இந்தக் கனடாவில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். போனில் கேட்டால் "ம்" என்பீர்கள். நேரில் கேட்டால் எழும்பிப் போய் ரீவியின் சத்தத்தைக் கூட்டுவீர்கள். ஆனால் சென்னையில் நம் கல்யாணம் முடிந்து, ஸ்பொன்சர் வரும்வரை நான் அங்கே காத்திருந்தபோது, கிழமை தவறாமல் கடிதம் எழுதியவரும் நீங்கள்தான். அந்த மனிதருக்குத்தான் இதை எழுதுகிறேன்.

நான் அக்கா வீட்டுக்கு வந்தது சண்டை பிடித்து அல்ல. சண்டை பிடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். வைகாசிக்குப் பிறகு நீங்கள் சோபாவில் படுக்கத் தொடங்கினீர்கள். வன்னியில் எல்லாம் முடிந்துவிட்டது. மாமி முகாமுக்கு வந்து சேர்ந்தா, உங்கள் தம்பி திலக்சன் வரவில்லை. மனம் சரியில்லை என்று நானும் பேசாமல் இருந்தேன். புரட்டாதியில் ஒருநாள் வெட்கத்தை விட்டு நானாகத்தான் உங்கள் பக்கத்தில் வந்தேன். முடிந்ததும் பல்லைக் கடித்துக்கொண்டு என்னைத் தள்ளிவிட்டுப் போய்க் குளியலறைக் கதவைப் பூட்டினீர்கள். வெளியே வந்தபோது அழுதிருந்தீர்கள். நான் என்ன பிழை செய்தேன் என்று கேட்டேன். "ஒண்டுமில்லை, படும்" என்றீர்கள்.

அதற்குப் பிறகு நான் உடுப்பு மாற்றும்போதுகூட நீங்கள் அறையைவிட்டுப் போய்விடுவீர்கள். என்னைப் பார்த்தால் உங்களுக்கு அருவருப்பா? இதற்கு நடுவில் மாமி போன் எடுத்து, "பிள்ளை, விசேஷம் ஒண்டும் இல்லையோ?" என்று கேட்கிறா. அந்தக் கேள்விக்கு நான் மட்டும் தனியாகப் பதில் சொல்ல முடியாது.

அக்கா வீட்டு பேஸ்மென்டில் இருக்கும் பெடியள் சித்திரையில் போகிறார்கள். ஜெயமலர் அக்கா அதை என்னை எடுக்கச் சொல்கிறா. ஒரு காரணம் எழுதுங்கள். கெட்ட காரணமாக இருந்தாலும் பரவாயில்லை. ஒன்றும் எழுதாவிட்டால் பேஸ்மென்டை எடுத்துக்கொள்வேன்.

நிலாணி


மோர்னிங்சைட்
19.11.2009

நிலாணி,

உமது கடிதம் கிடைத்தது. ஹீற்றர் திரும்பவும் சத்தம் போடுகிறது. சொல்லியிருக்கிறேன், இன்னும் ஆள் வரவில்லை. உமது பச்சைக் குளிர் ஜக்கெற் இங்கேதான் தொங்குகிறது. அக்காவின் ஜக்கெற் உமக்குக் கை நீளம். ஆரும் அந்தப் பக்கம் வந்தால் கொடுத்துவிடுகிறேன்.

மேலே எழுதியதை வாசித்துப் பார்த்தேன். ஒன்றும் எழுதவில்லை.

எனக்கு ஒரு வருத்தம் இருக்கிறது. உம்மைப் பார்த்து எனக்கு ஒருநாளும் அருவருப்பு வந்ததில்லை. விந்து வெளியேறும் அந்தக் கடைசிக் கணத்தில், உள்ளே ஒரு கண்ணாடித் துண்டை ஆரோ இழுத்துக்கொண்டு போவது போல நோகிறது. பிறகு அடியில், இருக்கும் இடத்தில், பிடித்துக்கொண்டு நிற்கும். கனநேரம் விடாது. சித்திரையிலிருந்து இப்படி. புரட்டாதியில் அன்றைக்கும் அதுதான். அந்த நோவோடு உம்மை எப்படிப் பார்ப்பது என்று தெரியாமல்தான் கதவைப் பூட்டினேன். அதன் பிறகு, அது தொடங்கிவிடக் கூடாது என்று நீர் பக்கத்தில் வந்தாலே விலகினேன்.

டொக்டரிடம் போகாமல் இல்லை. போனேன். கவுண்டரில் றோசலின் அன்ரி. என் பெரியம்மாவோடு படித்தவ. கதிரை நிறைய எங்கட சனம்.

"தம்பி, என்ன வருத்தம்?"

"டொக்டரிட்டச் சொல்லுறன் அன்ரி."

"அவர் கேப்பார், நான் எழுதோணும். வெக்கப்படாமல் சொல்லும், உம்மைத் தூக்கி வளத்தனான்."

"நாரிப்பிடிப்பு" என்று இடுப்பைப் பிடித்துக் காட்டினேன்.

"இந்த வயசிலயோ? பாண் பக்ரறியில மா மூட்டை தூக்கிற தூக்கு. முழங்காலை மடிச்சுத் தூக்கும், இப்பிடி." எழும்பி நின்று செய்தும் காட்டினா. இருந்த சனம் முழுக்கப் பார்த்துத் தலையாட்டியது. உள்ளே போனால் கோப்பில் நாரி என்று எழுதியிருந்தது. அதை மாற்றிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பூசுவதற்கு ஒரு மருந்து தந்தார். பூசுகிறேன்.

ஸ்ரீதரன்


அஜக்ஸ்
25.11.2009

ஸ்ரீ,

பஸ்ஸில் வைத்துத்தான் வாசித்தேன். முழங்காலை மடிக்கிற இடத்தில் சத்தமாகச் சிரித்துவிட்டேன், பிறகு அழுதேன். பக்கத்தில் இருந்த மனுசி இடம் மாறிப் போய்விட்டா. நீங்கள் என்னை வெறுக்கவில்லை என்று தெரிந்ததும் எனக்குச் சந்தோசம் வந்தது. உங்கள் நோவைக் கேட்டுச் சந்தோசப்பட்ட என்னை என்ன சொல்வது?

லைப்ரரியில் நான் புத்தகம் அடுக்கும் பகுதியில் மருத்துவப் புத்தகங்கள் இருக்கின்றன. வேலை முடிந்த பிறகு அகராதியையும் வைத்துக்கொண்டு வாசித்தேன். இப்படி நோவது பல ஆண்களுக்கு வருகிறதாம். அவர்களில் பெரும்பாலானோர் வெளியில் சொல்வதில்லையாம். (அவர்கள் எல்லோருக்கும் நாரிப்பிடிப்பாக இருக்கும்.) அடிக்கடி காணப்படுவது புரொஸ்ரேற் சுரப்பி கிருமி தொற்றி வீங்குவது. சிறுநீர் போகும் சலக்குழாயில் தொற்று வந்தாலும் நோகும். விந்து வரும் சின்னக் குழாயில் கல் அடைத்தாலும் நோகும். குடலிறக்கத்துக்கு ஒப்பறேசன் செய்தவர்களுக்கு நரம்பு பட்டிருக்கலாம். உங்களுக்கு அது இல்லை, அந்த வயிற்றில் ஒரு தழும்பும் இல்லை என்பது எனக்குத் தெரியும். மனச்சோர்வுக்குக் கொடுக்கும் சில குளிசைகளாலும் வரலாமாம். ஆனியில் நித்திரை இல்லாமல் கிடந்தபோது உங்களுக்கு ஒன்று தந்தார்கள் அல்லவா? அதைப் பற்றியும் கேட்க வேண்டும். பயத்தில் இடுப்படித் தசைகள் எந்நேரமும் இறுகிக் கிடந்தாலும் நோகுமாம். வயதானவர்களில் அரிதாகப் புற்றுநோயும். அந்த வரியை வாசித்துவிட்டுப் புத்தகத்தை மூடினேன், பிறகு திறந்தேன்.

உறவால் தொற்றும் நோய்களும் அதில் உண்டு. அக்கா ஒரு மாதமாக, "உவருக்கு வேற ஆரும் இருக்கோ எண்டு பார்" என்று சொல்லிக்கொண்டிருக்கிறா. நான் அதைக் கேட்கவில்லை. டொக்டர் கேட்டால் அவருக்கு உண்மையைச் சொல்லுங்கள்.

பூசும் மருந்தை எறிந்துவிட்டு வேறு டொக்டரிடம் போங்கள். றோசலின் அன்ரி இல்லாத இடமாக.

நிலாணி


மோர்னிங்சைட்
13.12.2009

நிலாணி,

நீர் வாசித்த புத்தகத்தில் என் காரணம் இல்லை. எழுதாமல் விட்டுவிடலாம் என்றுதான் இத்தனை நாள் இருந்தேன்.

தை மாதம் கிளிநொச்சி விழுந்த கிழமை, வேலையால் வரும் வழியில் கோயிலுக்குப் போனேன். தம்பியும் அம்மாவும் அப்போது கிழக்கே போய்க்கொண்டிருந்தார்கள். முருகனுக்கு நேர்த்தி வைத்தேன். மச்சம் மாமிசம் விடுவது எல்லோரும் செய்வது. சோற்றை விட்டால் வேலை செய்ய முடியாது. எனக்கு எது பெரிதோ அதை வைக்க வேண்டும் என்று நினைத்தேன். எனக்குப் பெரிது நீர்தான். தம்பி உயிரோடு வெளியே வரும்வரை உம்மைத் தொடுவதில்லை என்று வைத்தேன்.

சித்திரையில் அந்த ஞாயிற்றுக்கிழமை நினைவிருக்கிறதா? யூனிவேர்சிட்டி அவெனியூ போராட்டத்தில் மழைக்குள் நின்றுவிட்டு மத்தியானம் வீட்டுக்கு வந்தோம். கத்திக் கத்தி உமக்குத் தொண்டை அடைத்திருந்தது. துவாயை எடுத்து என் தலையைத் துவட்டினீர். எனக்கு நேர்த்தி நினைவில் இல்லாமல் இல்லை. நினைவோடுதான் முறித்தேன். அன்றைக்குத்தான் முதல் நோ.

அதற்கு முதல் கிழமை தம்பி கதைத்தவன். அதற்குப் பிறகு அவனுடைய அழைப்பு வரவே இல்லை.

இனி ஒவ்வொரு முறையும் நோகும்போது, ஏன் என்று எனக்கு விளங்குகிறது. இதற்கு எந்த டொக்டரும் மருந்து எழுத முடியாது. உமக்குப் பிள்ளை வேண்டும். அக்கா சொல்வது போலச் செய்யும். நான் தடுக்க மாட்டேன்.

ஸ்ரீதரன்


அஜக்ஸ்
19.12.2009

ஸ்ரீ,

முதலில் கோபத்தை எழுதிவிடுகிறேன். நீங்கள் வைத்த நேர்த்தியில் பாதி என்னுடையது. என் உடம்பை, என் படுக்கையை, எனக்குப் பிறக்கக்கூடிய பிள்ளையை, என்னிடம் ஒரு சொல் கேட்காமல் கோயிலில் வைத்துவிட்டு வந்திருக்கிறீர்கள். கேட்டிருந்தால் ஓம் என்றுதான் சொல்லியிருப்பேன். திலக்சனுக்காக இருவருமாகப் பாயைப் பிரித்துப் போட்டிருப்போம். கேளாததால், தை மாதத்திலிருந்து நான் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு என்னில் என்ன குறை என்று தேடிக்கொண்டிருந்தேன்.

இப்போது நான் சொல்வதைக் கவனமாக வாசியுங்கள். சித்திரைதான் முதல் நோ என்கிறீர்கள். பங்குனியில் காய்ச்சலில் கிடந்தது யார்? போராட்டத்துக்குப் போய்ப் பனிக்குள் பகல் முழுக்க நிற்பீர்கள். தண்ணீர் குடிக்க மாட்டீர்கள், சலம் வந்தாலும் வரிசையை விட்டுப் போக மாட்டீர்கள். பிறகு சலக்கடுப்பு. குளியலறைச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள். "உடம்புச் சூடு, பார்லி அவிச்சுத் தாரும்" என்று கேட்டீர்கள். நான் வற்புறுத்தித்தான் சந்தியிலிருக்கும் கிளினிக்கில் குளிசை எடுத்தோம். மூன்றாம் நாள் பார்லித் தண்ணியிலேயே சுகம் என்று குளிசையை விட்டுவிட்டீர்கள். அந்தப் போத்தல் குளியலறை அலுமாரியில், உங்கள் சவரக் கத்திக்குப் பின்னால் நிற்கிறது. நான் எறியவில்லை.

நோய் பங்குனியில் வந்துவிட்டது. அந்த ஞாயிற்றுக்கிழமைவரை நீங்கள் என்னைத் தொடாததால் அது உங்களுக்குத் தெரியவில்லை. நேர்த்தியை முறித்ததால் நோ வரவில்லை. நேர்த்தியை நீங்கள் காத்துக்கொண்டிருந்த காலத்திலேயே அது உள்ளே இருந்தது.

புத்தகத்தில் பல காரணங்கள் இருந்தன, ஸ்ரீ. தண்டனை என்று ஒன்று இருக்கவில்லை. போத்தலைக் கொண்டு டொக்டரிடம் போங்கள்.

நிலாணி


மோர்னிங்சைட்
02.02.2010

நிலாணி,

போத்தல் நீர் சொன்ன இடத்தில்தான் நின்றது. முக்கால்வாசி குளிசை அப்படியே இருந்தது.

கிளினிக்கில் எழுதிக் கொடுத்து, ஆஸ்பத்திரியில் ஸ்பெசலிஸ்ற்றைப் பார்க்கத் திகதி கிடைக்க இவ்வளவு நாள் சென்றது. பெண் டொக்டர். என் இங்கிலிஸைக் கேட்டுவிட்டு, மொழிபெயர்க்க ஆள் வேண்டுமா என்றா. எங்கட சனம் ஆரும் வந்துவிடுவார்களோ என்று எனக்கு வேர்த்தது. ஆனால் மேசையில் இருந்த போனில்தான் ஆள் வந்தார்.

"வணக்கம் சார். என் பேர் சொல்லக் கூடாது, உங்க பேரும் எனக்கு வேண்டாம். தயங்காம பேசுங்க."

தமிழ்நாட்டுக் குரல். அவருக்கு என் பெரியம்மாவைத் தெரியாது. என் ஊரையும் தெரியாது. நிலாணி, எனக்கு வாய் திறந்துவிட்டது. எந்தக் கணத்தில் நோகிறது, எங்கே பிடிக்கிறது, பங்குனிக் காய்ச்சல், பார்லி எல்லாம் சொன்னேன். வேறு பெண்களோடு தொடர்பு உண்டா என்று டொக்டர் கேட்டா. "தப்பா எடுத்துக்காதீங்க சார், எல்லார்கிட்டயும் கேக்கறதுதான்" என்று அவர் தானாகச் சேர்த்துச் சொன்னார். இல்லை என்றேன். அதற்கும் சோதித்தார்கள், ஒன்றும் இல்லை. அக்காவுக்குச் சொல்லும்.

பிறகு கையுறை போட்டுப் பின்பக்கமாக விரலால் சோதித்தா. அந்த நேரம், "சார், மூச்சை நல்லா விடுங்க, நான் இங்கதான் இருக்கேன்" என்றது போன். எங்கே இருக்கிறார்? வன்கூவரிலோ, வேறு எங்கேயோ. ஆனாலும் எனக்கு அது உதவியாக இருந்தது.

சலம் சோதித்தார்கள், ஸ்கானும் எடுத்தார்கள். குழாயில் கல் இல்லை, பயப்படும்படி வேறொன்றும் இல்லை. புரொஸ்ரேற்றில் கிருமி. பங்குனியில் குளிசையை இடையில் விட்டதால் அது சாகாமல் அங்கேயே தங்கிவிட்டதாம். நித்திரைக்குத் தந்த குளிசையும் சிலருக்கு இப்படிச் செய்யுமாம். ஆனால் எனக்கு அதற்கு முன்பே தொடங்கிவிட்டது, அதை நானாக நிறுத்தக் கூடாது என்றா. ஆறு கிழமைக்கு மருந்து, சுடுதண்ணீரில் இருக்க வேண்டும், தசை இறுக்கத்துக்கு ஒரு பயிற்சி.

கடைசியில், இது ஏன் வந்தது என்று நீங்கள் நினைக்கிறீர்கள் என்று கேட்டா. அந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. தம்பியையும் நேர்த்தியையும் சொன்னேன். போன் அதை மெதுவாக இங்கிலிஸில் சொன்னது. டொக்டர் கதிரையை இழுத்து என் பக்கத்தில் போட்டுக்கொண்டு பேசினா.

"சார், உங்க தம்பிக்காக ரொம்ப வருத்தப்படறாங்களாம். ஆனா இது கிருமியால வந்ததுதான், உங்களால இல்லைன்னு சொல்றாங்க. கிருமிக்கு வேண்டுதல் எல்லாம் தெரியாது சார்." பிறகு ஒரு செருமல். "கடைசி வரி நான் சேர்த்தது. அவங்க சொல்லல. மன்னிச்சுக்குங்க."

ஸ்ரீதரன்


மோர்னிங்சைட்
01.03.2010

நிலாணி,

சந்தோசப்பட்டு நீர் எழுதிய கடிதத்துக்கு இரண்டு கிழமையாகப் பதில் எழுதவில்லை. குளிசையை விட்டுவிட்டேன்.

சுகம் வரவில்லை என்று விடவில்லை. சுகம் வரத் தொடங்கியதால் விட்டேன். முன்பு இருந்தெழும்பும்போது அடியில் ஒரு பாரம் இருக்கும். ஒரு காலை அது இருக்கவில்லை. பக்ரறியில் பாண் தட்டுகளை அடுக்கிக்கொண்டு நின்றபோதுதான் கவனித்தேன். உடனே தம்பி நினைவுக்கு வந்தான். அவன் எனக்குத் தண்டனை தருகிறான் என்றால், எங்கேயோ இருந்து தருகிறான். கோபத்தோடாவது இருக்கிறான். இது வெறும் கிருமி என்றால், அவனுக்கு நடந்ததில் என் பங்கு ஒன்றுமே இல்லை. நான் நேர்த்தியைக் காத்திருந்தாலும் அதுதான் நடந்திருக்கும். முறித்தாலும் அதுதான். இங்கே நான் செய்த எதுவும் அவனுக்குப் பட்டதே இல்லை.

குற்றவாளியாக இருப்பது இதைவிடச் சுகம், நிலாணி.

ஸ்ரீதரன்


அஜக்ஸ்
05.03.2010

ஸ்ரீ,

கடிதத்தை அக்காவிடமிருந்து ஒளித்து, கராஜுக்குள் நின்று வாசித்தேன். திட்டி ஒரு கடிதம் எழுதிக் கிழித்தேன். இது இரண்டாவது.

தண்டனை என்றால் மேலே யாரோ பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று பொருள். ஒருவரும் பார்க்கவில்லை என்பதைத்தான் உங்களால் தாங்க முடியவில்லை. எனக்கும் முடியவில்லை. நாம் அந்தத் தெருவில் நின்று கத்தியதும், யாராவது ஒருவர் திரும்பிப் பார்க்க மாட்டாரா என்றுதானே? கார்கள் ஹோர்ன் அடித்துக்கொண்டு போயின. இந்தப் பெரிய வெறுமையை உங்கள் உடம்புக்குள் ஒரு சின்ன நோவாக்கி வைத்திருக்கிறீர்கள்.

ஆனால் திலக்சன் அங்கே இல்லை. நான் அவனை ஒருநாளும் நேரில் காணவில்லை, குரலை மட்டும்தான் தெரியும். முதல் தரம் போனில் என்ன கேட்டான் தெரியுமா? "அண்ணி, அண்ணை அங்க சமைக்கிறவரோ? இஞ்ச இருக்கேக்க தேத்தண்ணிக் கோப்பையைக்கூட கழுவமாட்டார். விடாதேங்கோ, நல்லா வேலை வாங்குங்கோ" என்றான். அந்தப் பெடியன் தன் அண்ணனுடைய படுக்கையில் வந்து நோவு கொடுப்பானா? அவனை அப்படி ஆக்காதீர்கள். அவனைப் பற்றி எனக்கு இருப்பது அந்தக் குரல் மட்டும்தான்.

நேற்று கோயிலுக்குப் போனேன். அர்ச்சனை ரிக்கற் வாங்கினேன். ஐயர் யாருடைய பெயருக்கு என்று கேட்டார். என் பெயரையும் நட்சத்திரத்தையும் மட்டும் சொன்னேன். முருகனிடம், அந்த நேர்த்தியில் என் பாதியை நான் திருப்பி எடுத்துக்கொண்டு போகிறேன் என்று சொன்னேன். கேளாமல் வைத்ததை வாங்கி வைத்திருந்தது அவருடைய பிழையும்தான் என்றும் சொன்னேன். உங்களுடைய பாதியை என்ன செய்வது என்பது உங்களுடைய விஷயம்.

பேஸ்மென்டுக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. அக்கா பங்குனி முடிவதற்குள் கேட்கிறா. டொக்டரிடம் போய், விட்டதைச் சொல்லி, மருந்தை முதலிலிருந்து தொடங்குங்கள். பங்குனியில் செய்த பிழையைத் திரும்பவும் பங்குனியில் செய்யாதீர்கள்.

நிலாணி


மோர்னிங்சைட்
25.03.2010

நிலாணி,

உமது கடிதம் கிடைத்த அடுத்த நாளே போய்ச் சொன்னேன். டொக்டர் ஏசவில்லை. திரும்பச் சலம் எடுத்துச் சோதித்து, மருந்தைப் புதிதாக எழுதித் தந்தா. போனில் இந்த முறை வேறு ஆள், ஒரு பெண் குரல். பழையவருக்கு நன்றி சொல்ல நினைத்திருந்தேன். பெயர் தெரியாமல் ஆரிடம் கேட்பது?

எழுதக் கூச்சமாக இருக்கிறது. நித்திரையில், கனவில், உடம்பு தானாகத் தன் வேலையைச் செய்தது. விடிய எழும்பித்தான் தெரிந்தது. நோவு இல்லை. கொஞ்சமும் இல்லை. கட்டிலில் இருந்து அழுதேன். ஒரு வருடமாகக் காட்டுக்குள் போன ஆளைத் தேடுவது போலத் தேடிவிட்டு, வெறுங்கையோடு வீட்டுக்கு வந்தது போல இருந்தது. தம்பிக்காக நான் அழுததே அன்றைக்குத்தான். அதற்கு முன் அழுததெல்லாம் எனக்காக.

பிறகு அம்மாவுக்கு எடுத்தேன். வவுனியாவில் மாமா வீட்டில் இருக்கிறா. "அம்மா, தம்பி வரமாட்டானோ?" என்று கேட்டேன். இவ்வளவு நாளும் கேட்டதில்லை. அம்மா, "நீ சாப்பிட்டனியோ?" என்று கேட்டா. ஓம் என்றேன். "வருவான்" என்றா.

குளிசை இன்னும் முடியவில்லை. நோவு இல்லாவிட்டாலும் முடிப்பேன். நான் கேட்கக் கூடாது. ஆனாலும் கேட்கிறேன். பேஸ்மென்டை எடுக்க வேண்டாம். வாரும். அவசரம் இல்லை, நீர் வந்து உமது பக்கத்தில் படும், நான் என் பக்கத்தில் படுக்கிறேன்.

ஸ்ரீதரன்


அஜக்ஸ்
30.03.2010

ஸ்ரீ,

அக்காவிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். "உனக்குப் பயித்தியம்" என்றா, பிறகு கறித்தூள் இடித்துத் தந்தா.

ஞாயிற்றுக்கிழமை என்னைக் கூட்டிப்போக வாருங்கள். மத்தியானத்துக்கு முன்.

ஒன்று கேட்கிறேன். திலக்சனின் படத்தை வைகாசியில் எடுத்துத் துவாய்களுக்குக் கீழே வைத்தீர்கள். மாட்டினால் செத்தவன் ஆகிவிடுவான் என்று பயந்தீர்கள். நானும் அந்த அலுமாரியைத் திறக்கும்போதெல்லாம் பார்க்காதது போல ஒரு துவாயை உருவிக்கொண்டு வருவேன். ஞாயிற்றுக்கிழமை அதை வெளியே எடுப்போம். பொட்டு வைக்க வேண்டாம், மாலை போட வேண்டாம், விளக்கும் வேண்டாம். மாமி அவன் வருவான் என்று சொல்லிக்கொண்டிருக்கும்வரை அவன் அப்படியே இருக்கட்டும். குசினியில், கோப்பை கழுவும் இடத்துக்கு மேலே மாட்டுவோம்.

கழுவுகிறீர்களா என்று அவன் பார்த்துக்கொண்டு இருக்கட்டும்.

நிலாணி